கோப்பில் எழுதிய \என் ஏன் வரியை உடைப்பதில்லை

மதுரை கீழமாசி வீதியிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் உள்ள மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். பில்லின் தலைப்பு, அடியில் வரும் நன்றி வாசகம், பிரிண்டருக்கு அனுப்பும் கட்டளைகள் ஆகியவற்றை நான் நிரலுக்குள் எழுதுவதில்லை. தனியாக ஓர் உரைக்கோப்பில் வைத்துவிடுவேன். கடைக்காரர் வாசகத்தை மாற்ற நினைத்தால் என்னை எதிர்பார்க்காமல் நோட்பேடில் திறந்து தாமே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும் என்பதே காரணம். இந்த ஏற்பாட்டினால் ஒரே கேள்வி ஏதாவது ஒரு கடையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. அண்மையில் அதைக் கேட்டவர் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும் ஒரு கடைக்காரரின் மகன்: "அண்ணே, \என் போட்டா அடுத்த வரிக்குப் போகும்னு காலேஜ்ல சொன்னாங்க. கோப்புல போட்டா அந்தக் கோடும் எழுத்தும் அப்படியே பில்லுல அச்சாகுதே?" அவருக்குக் கடையில் நின்றபடி சொன்ன பதில் சுருக்கமானது. இங்கே அதை முழுமையாக எழுதுகிறேன், ஏனெனில் இணையத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் எளிய விடைகளில் சில, கோப்பில் தமிழ் இருந்தால் தமிழைச் சிதைத்துவிடும்.

முதலில் எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. இந்தப் பதிவில் பேக்ஸ்லாஷை \ என்ற குறியாகவும், அதன் பின்னால் வரும் ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலும் எழுதுகிறேன். ஆகவே \என் என்று வரும் இடத்தில் கோப்பில் இருப்பவை இரண்டு குறிகள் மட்டுமே. பைட் மதிப்புகளைப் பதின்ம எண்களாகவே தருகிறேன்.

கோப்பு என்பது பைட்டுகளின், அதாவது 0 முதல் 255 வரையிலான எண்களின், வரிசை. நோட்பேடில் ஒருவர் பேக்ஸ்லாஷ் விசையையும் பிறகு என் விசையையும் அழுத்தினால், கோப்பில் 92, 110 என்ற இரண்டு பைட்டுகள் எழுதப்படுகின்றன. வரி உடைவதற்கு வேண்டியதோ 10 என்ற ஒரே பைட். நிரலில் எழுதினால் 10 ஆக மாறுகிற அதே இரண்டு குறிகள் கோப்பிலிருந்து வரும்போது மாறாததற்குக் காரணம், அவற்றை மாற்றுகிறவர் யார் என்பதில் இருக்கிறது. சி மொழியின் தர ஆவணம் ஒரு நிரல் எந்தெந்தக் கட்டங்களாக மொழிபெயர்க்கப்பட வேண்டும் என்று வரிசைப்படுத்தியிருக்கிறது. மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும், \என் போன்று பேக்ஸ்லாஷில் தொடங்கும் எஸ்கேப் சீக்வென்ஸுகளை உரிய குறிகளாக மாற்றுவது அதில் 5ஆம் கட்டம். அதாவது அந்த மாற்றம், நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றித் தரும் கம்பைலரின் வேலை. நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது. ஓடும் நிரலின் நினைவகத்தில் பேக்ஸ்லாஷ் என்ற ஒன்றே இராது, 10 மட்டும்தான் இருக்கும். கோப்பைப் படிக்கும் ஃபங்ஷன்களோ கம்பைலர் அல்ல. அவை எடுத்த பைட்டை எடுத்தபடி தருகின்றன, தரவும் வேண்டும். ஒரு படத்தையோ ஒரு விண்டோஸ் பாதையையோ படிக்கும்போது இடையில் வந்த 92ஐப் பார்த்து அவை தாமாகவே எதையாவது மாற்றத் தொடங்கினால் எந்தக் கோப்பையும் நம்பிப் படிக்க இயலாது.

பேக்ஸ்லாஷுக்கு இப்பணி இயல்பாகவே உரியதும் அல்ல. சி மொழிக்கு முன்னோடியான பி மொழியில் நட்சத்திரக் குறிதான் இந்த வேலையைச் செய்தது. அங்கே புதிய வரி என்பது நட்சத்திரமும் என்னும். பேக்ஸ்லாஷை, ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் தரும் ஆஸ்கி குறித்தொகுதிக்குள் கொண்டுவந்தவராக அறியப்படும் பாப் பெமர், ஆல்கால் என்ற பழைய நிரல் மொழியின் 'மற்றும்', 'அல்லது' குறிகளை இரண்டு சாய்கோடுகளைச் சேர்த்து அமைப்பதற்காகவே அதைக் கேட்டார். ஆகவே \என் என்பது எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் இடையிலான ஓர் உடன்பாடு. நிரலுக்கும் கம்பைலருக்கும் இடையில் அந்த உடன்பாடு இருக்கிறது. நம் உரைக்கோப்புக்கும் நம் நிரலுக்கும் இடையில் நாமாக எழுதி வைத்தால் மட்டுமே இருக்கும்.

இந்த இடத்தில் பலரைக் குழப்புவது பிழைதேடும் கருவிகள் காட்டும் தோற்றம். பைத்தானில் கோப்பிலிருந்து படித்த ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துத் தொடரை, ஊடாடு திரையில் அப்படியே பார்த்தால், ஒற்றைப் பேக்ஸ்லாஷ் இருக்கும் இடத்தில் இரண்டு பேக்ஸ்லாஷ்கள் தெரியும். பைத்தான் ஏதோ ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டது என்று எண்ணி, அந்தக் கூடுதலை நீக்க வழி தேடுகிறவர்கள் உண்டு. அது எதையும் சேர்க்கவில்லை; அந்த ஸ்ட்ரிங்கை நிரலில் எழுதினால் எப்படி எழுத வேண்டியிருக்குமோ அந்த வடிவத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. நீளத்தைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்: இரண்டு குறி என்றால் பேக்ஸ்லாஷும் எழுத்தும், ஒன்று என்றால் உண்மையான புதிய வரி. லினக்ஸில் ஓடி என்ற கட்டளையைச் சி என்ற விருப்பத்தோடு இயக்கினால் நேர்மாறான குழப்பம் வரும். அது உண்மையான புதிய வரியை ஒரே கட்டத்தில் \என் என்று காட்டும், கோப்பில் எழுதிய இரண்டு குறிகளை இரண்டு கட்டங்களில் தனித்தனியாகக் காட்டும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் நான் எப்போதும் எண்களாகவே பார்க்கிறேன். 92 இருக்கிறதா, 10 இருக்கிறதா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. மேற்கோளுக்கு முன் ஆர் எழுத்தைச் சேர்த்து எழுதும் பைத்தானின் 'ரா' ஸ்ட்ரிங்கும் இங்கே உதவாது. அது நிரலில் எழுதப்படும் ஸ்ட்ரிங்குக்கான வசதி, கோப்பிலிருந்து வந்ததற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

சரி, உடன்பாட்டை நாமே செயல்படுத்துவோம் என்று முடிவு செய்தால், எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி ரீப்ளேஸ். \என் வரும் இடமெல்லாம் புதிய வரியை வை, \டி வரும் இடமெல்லாம் டேப் வை என்று வரிசையாக எழுதிவிடலாம். பேக்ஸ்லாஷையே எழுத வேண்டிய தேவை வரும்வரை இது வேலை செய்யும். பில் நகல்களைச் சேமிக்கும் கோப்புறையின் பாதையையும் அதே கோப்பில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டி டிரைவில் 'நியூ' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புறை. உடன்பாட்டின்படி பேக்ஸ்லாஷை இரட்டித்து எழுதுவதே முறை, ஆகவே கோப்பில் \\ என்ற இரட்டைக்கு அடுத்து என் எழுத்து நிற்கிறது. இப்போது \என் ரீப்ளேஸை முதலில் ஓட்டினால், அது இரண்டாவது பேக்ஸ்லாஷையும் என் எழுத்தையும் ஒரு சோடியாகப் பிடித்துப் புதிய வரியாக்கிவிடும். பாதை நடுவில் உடையும். வரிசையை மாற்றி \\ ரீப்ளேஸை முதலில் ஓட்டினால், அது ஒற்றைப் பேக்ஸ்லாஷாகச் சுருங்கி, அடுத்து வரும் \என் ரீப்ளேஸுக்கு இரையாகிவிடும். எந்த வரிசையில் வைத்தாலும் தவறுதான். ஒவ்வொரு ரீப்ளேஸும் முழு உரையையும் தொடக்கத்திலிருந்து பார்ப்பதால், எந்தப் பேக்ஸ்லாஷ் ஏற்கெனவே ஒரு சோடியில் சேர்ந்துவிட்டது என்பது அடுத்த ரீப்ளேஸுக்குத் தெரிய வழியில்லை.

செய்ய வேண்டியது இடமிருந்து வலமாக ஒரே நடை. ஒவ்வொரு குறியாகப் பார்த்து, பேக்ஸ்லாஷ் அல்லாததை அப்படியே வெளியீட்டில் சேர்க்க வேண்டும். பேக்ஸ்லாஷ் வந்தால் அடுத்த குறியையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து அட்டவணையில் தேடி, கிடைத்ததை வெளியீட்டில் சேர்த்துவிட்டு இரண்டையும் கடந்து செல்ல வேண்டும். கடந்து செல்வதுதான் முக்கியம். ஒரு முறை பயன்பட்ட பேக்ஸ்லாஷ் மறுபடி பார்வைக்கு வருவதில்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷன் பழகியவர்கள் 'ஒரு பேக்ஸ்லாஷும் அதை அடுத்த எந்த ஒரு குறியும்' என்ற ஒரே அமைப்பைக் கொடுத்து, மாற்று வாசகத்தின் இடத்தில் அட்டவணையைப் பார்க்கும் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்தால் இதே பயன் கிடைக்கும். இருபது வரிகளுக்குள் அடங்கும் வேலை இது. எனினும் இரண்டு இடங்களில் முடிவு எடுத்தே ஆக வேண்டும். வரியின் கடைசிக் குறியே பேக்ஸ்லாஷாக இருந்து, அதற்கு அடுத்து எதுவும் இல்லாவிட்டால் என்ன செய்வது? அட்டவணையில் இல்லாத எழுத்து, எடுத்துக்காட்டாக \கியூ, வந்தால் என்ன செய்வது?

இந்த இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு விடை வைத்திருக்கிறது. பைத்தான் தெரியாத சீக்வென்ஸை அப்படியே விட்டுவிட்டது, ஆனால் 3.6 பதிப்பில் அதற்கு மறைமுக எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்து, 3.12 பதிப்பில் அதை வெளிப்படையாகத் தெரியும் எச்சரிக்கையாக்கிவிட்டது. ஜாவாவின் ப்ராபர்ட்டீஸ் கோப்புகளைப் படிக்கும் வகுப்போ, தெரியாத எழுத்துக்கு முன் நிற்கும் பேக்ஸ்லாஷைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் டி:\மதுரை என்று பாதை எழுதினால் நிரலுக்குக் கிடைப்பது டி:மதுரை. நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவத்தின் தரம் தெரியாத சீக்வென்ஸைப் பிழை என்கிறது. நான் ஜேசனின் பக்கம்தான். கடைக்காரர் திருத்தும் கோப்பில் ஐயத்துக்கு இடமான ஒன்று வந்தால், நிரல் எதையாவது ஊகித்துக்கொண்டு மேலே செல்வதைவிட, 'வரி 7இல் பேக்ஸ்லாஷுக்கு அடுத்து இந்த எழுத்து வரக் கூடாது' என்று தமிழில் சொல்லி நின்றுவிடுவது நல்லது. ஊகம் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை மாலை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில்தான் தவறாகப் போகும்.

இனி, தமிழைச் சிதைக்கும் விடைக்கு வருகிறேன். பைத்தானில் யூனிகோடு-எஸ்கேப் என்ற பெயரில் ஒரு கோடெக், அதாவது உரையைப் பைட்டுகளாகவும் பைட்டுகளை உரையாகவும் மாற்றும் வசதி, இருக்கிறது. படித்த ஸ்ட்ரிங்கை யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் பைட்டுகளாக்கி, அந்தப் பைட்டுகளை இந்தக் கோடெக்கால் மீண்டும் ஸ்ட்ரிங்காக்கினால் \என், \டி, ஒரு குறியை அதன் யூனிகோடு எண்ணால் எழுதும் \யு எல்லாம் ஒரே வரியில் மாறிவிடும் என்பது பரவலாகச் சொல்லப்படும் விடை. ஆங்கில உரையில் இது பிசகின்றி வேலை செய்யும். சோதித்துப் பார்க்கிறவர் மனநிறைவோடு போய்விடுவார். ஆனால் இந்தக் கோடெக் பைத்தான் நிரலின் ஸ்ட்ரிங்குகளைப் படிப்பதற்கான இலக்கணத்தைக் கொண்டது. பேக்ஸ்லாஷ் அல்லாத ஒவ்வொரு பைட்டையும் அது லத்தீன்-1 குறியாகவே எடுத்துக்கொள்ளும் என்று ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1இல் ஒரு பைட்டுக்கு ஒரு குறி. மதுரை என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்றாகப் பதினைந்து பைட்டுகள். இந்தப் பதினைந்தும் பதினைந்து லத்தீன் குறிகளாக வெளியே வரும். தமிழ்க் குறியெண்கள் அனைத்துக்கும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. லத்தீன்-1இல் 224 என்பது தலையில் சாய்ந்த கோடு தாங்கிய சிறிய ஏ. 174 என்பது வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவு முத்திரைக் குறி. பழைய இணையத் தளங்களிலும் தவறாகத் திறந்த எக்செல் தாள்களிலும் கோட்டு ஏவும் வட்ட ஆரும் மாறி மாறி நிரம்பிய பக்கத்தைத் தமிழர் எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்போம். அதே சிதைவை நாமே ஒரு வரியில் செய்துகொள்கிறோம் என்பதுதான் இந்த விடையின் பொருள்.

இதை அறிந்தவர்கள் ஒரு திருத்தம் சொல்வதுண்டு: யூடிஎஃப்-8க்குப் பதிலாக லத்தீன்-1 ஆக மாற்று, அதில் அடங்காத குறிகளை \யு சீக்வென்ஸுகளாக எழுதும்படி 'பேக்ஸ்லாஷ்-ரீப்ளேஸ்' என்ற பிழை கையாளும் முறையைக் கொடு, பிறகு யூனிகோடு-எஸ்கேப் கோடெக்கால் திருப்பு. தமிழ் எழுத்துகள் தற்காலிகமாக \யு வடிவத்துக்குப் போய் மீண்டும் தமிழாகவே திரும்பும். நல்ல சூழ்ச்சி. ஆனால் பேக்ஸ்லாஷை உடனடியாகத் தொடர்ந்து ஒரு தமிழ் எழுத்து வரும்போது இதுவும் தவறும். டி:\மதுரை என்பதில் ம எழுத்து \யு வடிவம் எடுக்கும்போது, ஏற்கெனவே இருந்த பேக்ஸ்லாஷும் புதிதாக வந்த பேக்ஸ்லாஷும் அடுத்தடுத்து நின்று \\ என்ற சோடியாகிவிடுகின்றன. கோடெக் அந்தச் சோடியை ஒற்றைப் பேக்ஸ்லாஷாக்குகிறது. எஞ்சிய யு எழுத்தும் நான்கு பதினறும (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரையிலான) இலக்கங்களும் வெறும் உரையாகத் தங்கிவிடுகின்றன. முதல் எழுத்து மட்டும் அழிந்து, து முதல் மற்றவை நலமாகத் திரும்பும். தமிழில் கோப்புறைப் பெயர் வைக்கிறவர்களிடம் மட்டுமே வெளிப்படும் பிழை என்பதால், இந்தத் திருத்தத்தை எழுதியவர்களின் கண்ணில் இது படுவதற்கு வாய்ப்பே இல்லை. அந்தப் பாதையில் பேக்ஸ்லாஷை இரட்டித்து எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் எழாது என்பதும் உண்மைதான். ஆனால் இரட்டிக்காமல் எழுதியவருக்குக் கிடைக்க வேண்டியது ஒரு பிழைச் செய்தி, அரைகுறையாக மாறிய பெயர் அல்ல.

ஸ்ட்ரிங்குக்கு இருபுறமும் மேற்கோள் குறி சேர்த்து ஈவால் ஃபங்ஷனிடம் கொடுக்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோப்பில் யார் எதை எழுதினாலும் அதை நிரலாக இயக்குகிறோம் என்பதே அதன் பொருள்; செய்யக் கூடாது. அதன் பாதுகாப்பான உறவான லிட்டரல்-ஈவால் எதையும் இயக்காது, தமிழையும் கெடுக்காது, ஆனால் வாசகத்துக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் இலக்கணப் பிழை என்று நின்றுவிடும்.

மற்ற மொழிகளில் நிலைமை கலவையானது. சி மொழியின் நிலையான நூலகத்தில் இதற்கென ஃபங்ஷன் கிடையாது, கையால் எழுத வேண்டியதுதான். கோ மொழியில் ஸ்ட்ரிகான்வ் தொகுப்பின் அன்குவோட் இருக்கிறது; மேற்கோள் குறிகளோடு கொடுத்தால் ஒழுங்காகச் செய்யும். ஜாவா 15இல் ஸ்ட்ரிங் வகுப்புக்கே ட்ரான்ஸ்லேட்-எஸ்கேப்ஸ் என்ற மெத்தட் நிலையாக வந்துவிட்டது. தவறான சீக்வென்ஸுக்கு அது பிழை எழுப்பும் என்பது எனக்குப் பிடித்த பண்பு. ஆனால் \யு வடிவத்தை அது மாற்றாது. ஜாவா கம்பைலர் \யு வடிவத்தை மற்ற எஸ்கேப்புகளைப் பார்க்கும் முன்பே, நிரலைப் படிக்கும் முதல் நிலையிலேயே மாற்றிவிடுவதால், மொழியின் பார்வையில் அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே அல்ல.

கோப்பின் வடிவத்தை நாமே தீர்மானிக்காத இடங்களில், எந்த உடன்பாட்டில் அது எழுதப்பட்டது என்று கண்டறிவதுதான் முதல் வேலை. மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் சிஎஸ்வி கோப்பில் பேக்ஸ்லாஷுக்குச் சிறப்புப் பொருளே இல்லை. 2005இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4180 என்ற இணைய ஆவணம் விவரிக்கும் வழக்கப்படி, மேற்கோளுக்குள் மேற்கோள் வேண்டுமென்றால் அதை இரட்டிக்க வேண்டும், புதிய வரி வேண்டுமென்றால் மேற்கோளுக்குள் உண்மையான புதிய வரியையே எழுத வேண்டும். ஆனால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் தன் அட்டவணையைக் கோப்பாக வெளியிடும்போது, நாம் வேறு சொல்லாவிட்டால், டேப்பால் பிரித்துப் பேக்ஸ்லாஷால் எஸ்கேப் செய்கிறது. மதிப்பே இல்லாத இடத்தில் பெரிய என் எழுத்தோடு \என் என்று எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் காப்பி கட்டளையும் அவ்வாறே. அந்தக் கோப்பைப் பொதுவான எஸ்கேப் ஃபங்ஷன் ஒன்றிடம் கொடுத்து, அது பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கருதினால், வெற்று மதிப்புகள் எல்லாம் புதிய வரிகளாகி அட்டவணை சிதறும். நிரல்களின் அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் கோப்பில் இரட்டை மேற்கோளுக்குள் மட்டுமே பேக்ஸ்லாஷ் பேசும், ஒற்றை மேற்கோளுக்குள் அது வெறும் குறி. அதே வகையான டாமலிலும் அப்படியே.

ஜேசனில் தமிழர்களுக்கென்றே ஒரு சிறு தொல்லை உண்டு. பைத்தானின் ஜேசன் தொகுப்பு, நாம் தடுக்காவிட்டால், ஆஸ்கிக்கு வெளியே உள்ள ஒவ்வொரு குறியையும் \யு வடிவில் எழுதும். மதுரை என்பது 15 பைட்டுகளுக்குப் பதிலாக 30 பைட்டுகள் ஆகும் என்பது சிறிய இழப்பு. கோப்பைத் திறந்து பார்க்கும் மனிதருக்கு அது தமிழென்றே தெரியாது என்பதுதான் பெரியது. என்ஷ்யூர்-ஆஸ்கி என்ற விருப்பத்தை அணைத்தால் தமிழ் தமிழாகவே எழுதப்படும், தரத்துக்கும் முரணில்லை. பிஎச்பியில் 5.4 பதிப்பிலிருந்து இதற்கிணையான விருப்பம் இருக்கிறது. இப்படி \யு வடிவில் வந்த கோப்பை ஜேசன் நூலகத்தால் படித்துவிட்டால் வேலை முடிந்தது. அதன் பிறகும் தம்முடைய எஸ்கேப் ஃபங்ஷனை ஒரு முறை ஓட்டிவைக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே வடித்த சோற்றை மறுபடி வடிப்பது போன்றது அது. இரட்டைப் பேக்ஸ்லாஷ்கள் முதல் முறையில் ஒற்றையாகி, இரண்டாவது முறையில் அடுத்த எழுத்தோடு சேர்ந்து வேறு ஏதோவாகிவிடும்.

பில் பிரிண்டருக்குச் செல்லும் கட்டளைகளில் இவை எல்லாவற்றையும்விட நுட்பமான ஒன்று இருக்கிறது. கடைகளில் உள்ள தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவை எப்சன் வகுத்த இஎஸ்சி-பாஸ் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. அதில் பல கட்டளைகள் 27 என்ற எஸ்கேப் பைட்டில் தொடங்கும்: 27ம் 64ம் அனுப்பினால் பிரிண்டர் தொடக்க நிலைக்கு வரும், 27, பெரிய இ எழுத்து, 1 என்ற பைட் ஆகிய மூன்றையும் அனுப்பினால் தடித்த எழுத்து. பிரிண்டருக்குப் பிரிண்டர் வேறுபாடு இருப்பதால் இவற்றை அமைப்புக் கோப்பில் \எக்ஸ் வடிவில் எழுதுகிறோம். 27 என்பது பதினறும முறையில் \எக்ஸ்1பி. இதில் தடித்த எழுத்துக் கட்டளையை \எக்ஸ்1பிஇ என்று சேர்த்து எழுதும்போது மொழிக்கு மொழி பொருள் மாறும். பைத்தான் \எக்ஸுக்குப் பின் சரியாக இரண்டு இலக்கங்களை மட்டும் எடுக்கும். இ தனியாக நிற்கும், கட்டளை சரி. சி மொழியோ பதினறும இலக்கமாகத் தோன்றும் அனைத்தையும் எடுத்துக்கொண்டே போகும், இ என்பதும் பதினறும இலக்கம் என்பதால் மூன்றும் ஒரே எண்ணாகி வரம்பை மீறிவிடும். பழைய சி நிரலர்கள் \033 என்று எண்ம முறையில் எழுதியதை வெறும் பழக்கம் என்று நினைக்கக் கூடாது. எண்ம வடிவம் அதிகபட்சம் மூன்று இலக்கங்களோடு நின்றுவிடும் என்பதால் அடுத்து எது வந்தாலும் கலக்காது. நம் கோப்புக்கு நாமே விதி வகுக்கும்போது 'சரியாக இரண்டு இலக்கம்' என்று வைத்து, அதைக் கோப்பின் தலையிலேயே ஒரு வரியாக எழுதிவிட வேண்டும்.

கல்லாப்பெட்டியைத் திறக்கும் கட்டளையில் வேறு இரண்டு சிக்கல்கள். பொதுவாக 27, 112, 0, 25, 250 என்ற ஐந்து பைட்டுகளாக அது அனுப்பப்படுகிறது. நடுவில் இருக்கும் 0 சி மொழியில் ஸ்ட்ரிங்கின் முடிவைக் குறிப்பது. நீளத்தைத் தனியாக வைத்துக்கொள்ளாமல் ஸ்ட்ரிங் ஃபங்ஷன்களை நம்பினால் இரண்டு பைட்டுகளோடு கட்டளை நின்றுவிடும், பெட்டி திறக்காது. கடைசியில் இருக்கும் 250 இன்னும் நயமானது. \எக்ஸ் சீக்வென்ஸுகளை மாற்றி உரை ஸ்ட்ரிங்காக வைத்துக்கொண்டு, அனுப்பும்போது யூடிஎஃப்-8 ஆக மாற்றினால், 127க்கு மேற்பட்ட குறியெண் எதுவும் ஒற்றைப் பைட்டாக இருக்க இயலாது என்பதால் 250 என்பது 195, 186 என்ற இரண்டு பைட்டுகளாகிவிடும். பிரிண்டர் 195ஐக் கட்டளையின் கடைசி அளவாக எடுத்துக்கொள்ளும், பெட்டியும் திறந்துவிடும். மீந்த 186 அடுத்த பில்லின் தலையில் ஒரு பொருளற்ற குறியாக அச்சாகும். பெட்டி திறக்கிறதே என்று எவரும் அந்தக் கட்டளையைச் சந்தேகிக்கமாட்டார்கள். ஆகவே பிரிண்டர் கட்டளைகளுக்கான எஸ்கேப் ஃபங்ஷன் பைட்டுகளை வெளியிட வேண்டும். பில் வாசகத்துக்கான ஃபங்ஷன் உரையை வெளியிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஃபங்ஷனைப் பயன்படுத்தும் ஆசை வரும், விட்டுவிடுவது நலம். அதிலும் தமிழ் எழுத்துரு பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்களுக்குள் இல்லாததால், வாசகத்தைப் படமாக்கித்தான் அனுப்புகிறோம். அந்த இரண்டும் செல்லும் வழியே வேறு.

எதிர்த்திசை வேலை, அதாவது நிரலிலிருந்து கோப்புக்கு எஸ்கேப் செய்து எழுதுவது, எளிது. அங்கே ரீப்ளேஸ் போதும், ஒரே நிபந்தனையோடு: பேக்ஸ்லாஷை இரட்டிப்பது முதலில், மற்றவை பிறகு. வரிசை மாறினால் நாம் புதிதாகச் சேர்த்த பேக்ஸ்லாஷ்களையும் சேர்த்து இரட்டித்துவிடுவோம்.

இவ்வளவுக்கும் பிறகு, கடைக்காரர் கையால் திருத்தும் கோப்பில் எஸ்கேப் சீக்வென்ஸ் வேண்டுமா என்று யோசித்து, பில் வாசகத்துக்கு அது வேண்டாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். நன்றி வாசகம் இப்போது தனிக் கோப்பு. அதில் என்டர் விசையை அழுத்தினால் அங்கே வரி உடையும், பேக்ஸ்லாஷ் பேக்ஸ்லாஷாகவே அச்சாகும். கல்லூரி மாணவருக்கு இதில் சிறு ஏமாற்றம், அவருடைய தந்தைக்கு மிகுந்த மகிழ்ச்சி. பிரிண்டர் கட்டளைகள் மட்டும் வேறொரு கோப்பில், \எக்ஸும் இரண்டு இலக்கங்களும், \\ என்ற சோடியும் மட்டுமே அனுமதி என்ற விதியோடு இருக்கின்றன. அதைப் படிக்கும் ஃபங்ஷனுக்கான சோதனைகளில் வெற்று வரி, ஒற்றைப் பேக்ஸ்லாஷ் மட்டுமே உள்ள வரி, பேக்ஸ்லாஷில் முடியும் வரி, மூன்று பேக்ஸ்லாஷ்கள் தொடர்ந்து வரும் வரி, ஓர் இலக்கத்தோடு நின்றுவிடும் \எக்ஸ், 0 நடுவில் வரும் கட்டளை, 250 கடைசியில் வரும் கட்டளை ஆகியவை உள்ளன. பேக்ஸ்லாஷுக்கு அடுத்துத் தமிழ் எழுத்து வந்தால் வரி எண்ணோடு பிழைச் செய்தி வருகிறதா என்பதையும் அவற்றோடு சேர்த்துச் சோதிக்கிறேன்.